மூடும் முன் அளப்போம்

(பொறியியல் மாணவர்களும் உள்ளாட்சிப் பணியாளர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் கலந்துகொண்ட கூட்டத்தில், சென்னையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த நகரத்தில் ஏதேனும் ஒரு தெருவை மனத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் குடிநீர்க் குழாய் ஓடுகிறது. சில அடி தள்ளிப் பாதாள சாக்கடை. ஓரத்தில் மழைநீர் வடிகால். வீடுகளுக்குப் போகும் மின்கேபிள் ஒருபுறம். முக்கியச் சாலையாக இருந்தால் 11,000 வோல்ட், 33,000 வோல்ட் கேபிள்களும் உண்டு. நாலைந்து தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கண்ணாடியிழை கேபிள்கள் இவற்றுக்கு இடையே புகுந்து செல்கின்றன. இப்போது பல பகுதிகளில் எரிவாயுக் குழாயும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் வெவ்வேறு துறையினர், வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு ஒப்பந்ததாரரைக் கொண்டு புதைத்தார்கள். இவை அத்தனையும் எங்கே, எந்த ஆழத்தில் கிடக்கின்றன என்று ஒரே வரைபடத்தில் முழுமையாகக் காட்டுவது நம் பெரும்பாலான ஊர்களில் இன்றைக்கும் முடியாத காரியமாகவே இருக்கிறது.

தரைக்கு மேல் நிலைமை அப்படி இல்லை. அரை சென்ட் நிலத்துக்கும் சர்வே எண் உண்டு, பட்டா உண்டு, எஃப்.எம்.பி. என்று நாம் சொல்லும் புலப்படம் உண்டு. வரப்பு ஓர் அடி நகர்ந்தால் சர்வேயரை அழைத்து அளக்கிறோம். தீராவிட்டால் நீதிமன்றம் போகிறோம். அதே நிலத்துக்கு மூன்றடி கீழே, நாம் குடிக்கும் தண்ணீரும் எரிக்கும் மின்சாரமும் பேசும் பேச்சும் போகும் பாதைக்குப் பட்டாவும் இல்லை, புலப்படமும் இல்லை. இந்தக் குறையை ஜிபிஎஸ் நுட்பத்தைக் கொண்டு எப்படித் தீர்க்கலாம் என்பதைத்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

இதைச் சென்னையில் நின்று பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர், 1794-இல் தொடங்கிய ஒரு நில அளவைப் பள்ளி. இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களாக அளந்து முடித்த மாபெரும் அளவைப் பணியை வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் தொடங்கியது பரங்கிமலை அடிவாரத்தில்தான். அங்கிருந்து பெரும்பாக்கம் நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார்கள். அந்தக் கோட்டின் மேல் நின்றுதான் இமயத்தின் உயரம் வரை கணக்கிடப்பட்டது. அளவைக் கலையில் இத்தனை மூத்த ஊர், தன் காலடியில் கிடப்பதை இன்னும் அளந்து முடிக்கவில்லை.

இழப்பு யாருக்கு?

முதலில் பணக்கணக்கைச் சொல்கிறேன். ஒருங்கிணைப்பு இல்லாமல் தோண்டுவதால் கண்ணாடியிழை கேபிள் போன்றவை அறுபட்டு, நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுவதாக இந்திய அரசு 2023-இல் தெரிவித்தது. பிரிட்டனில் தற்செயலாகக் குழாய்களும் கேபிள்களும் அடிபடும் நிகழ்வுகள் ஆண்டுக்கு 60,000 என்றும், அதனால் வரும் இழப்பு 240 கோடி பவுண்டு என்றும் அந்நாட்டு அரசு மதிப்பிட்டிருக்கிறது.

பணத்தைவிடப் பெரிய இழப்புகள் இரண்டு. ஒன்று, தோண்டுகிறவரின் உயிர். பள்ளத்துக்குள் இறங்கிக் கடப்பாரையை ஓங்குகிற தொழிலாளியிடம் வரைபடம் கிடையாது. கேபிள் மேல் அடுக்கிய செங்கல்லோ எச்சரிக்கை நாடாவோ கண்ணில் பட்டால் நிறுத்துவார். அவை முன்பே வேறொரு பள்ளத்தில் அகற்றப்பட்டிருந்தால், கடப்பாரையின் முனை நேரே 11,000 வோல்ட் கேபிளில் இறங்கும். நாள் கூலிக்கு வந்த ஒருவர், தான் புதைக்காத, தனக்கு யாரும் சொல்லாத ஒன்றுக்காக உயிரை ஈடு வைக்கிறார். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட எவரும் அந்தப் பள்ளத்துக்குள் நிற்பதில்லை.

இன்னொன்று, நம் குடிநீர். நம் ஊர்களில் குழாயில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. சில மணி நேரம் விடுகிறார்கள், பிறகு அடைக்கிறார்கள். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். விரிசல் வழியே தண்ணீர் வெளியே கசியும். அடைத்த பிறகு அழுத்தம் குறைந்து, அதே விரிசல் வழியே வெளியில் இருப்பது உள்ளே உறிஞ்சப்படும். பக்கத்தில் சாக்கடைக் குழாயும் அடிபட்டிருந்தால் என்ன உள்ளே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கேபிள் போடத் தோண்டியவர் அந்த இடத்தை மூடிவிட்டுப் போயிருப்பார். பல நாள் கழித்து ஒரு தெருவே வயிற்றுப்போக்கில் படுக்கும். காரணம் எங்கே என்று தேடி மறுபடியும் தோண்டுவார்கள்.

பள்ளமே தோண்டாமல், கிடைமட்டமாகத் துளையிட்டுக் கேபிள் செலுத்தும் முறை இப்போது பரவியிருக்கிறது. சாலை சேதமாகாது, போக்குவரத்து நிற்காது, நல்ல முறைதான். ஆனால் கீழே இருப்பது தெரியாமல் துளையிட்டால், கேபிள் சாக்கடைக் குழாயைக் குறுக்கே ஊடுருவிச் சென்றுவிடும். வெளியே ஒரு தடயமும் இராது. சாக்கடையில் அடைப்பு வந்து, அதை எடுக்க இயந்திரம் விடும்போதுதான் தெரியவரும். அங்கே ஊடுருவியிருப்பது எரிவாயுக் குழாயாக இருந்துவிட்டால், அடைப்பு எடுக்கப் போனவரின் கதி என்ன?

இரண்டு நகரங்கள் கொடுத்த விலை

தென்கொரியாவின் தேகு நகரில் 1995 ஏப்ரல் 28 அன்று காலை, சுரங்க ரயில் பாதைப் பணி நடந்துகொண்டிருந்தது. அருகில் ஒரு வணிக வளாகக் கட்டுமான இடத்தில் துளையிட்டபோது எரிவாயுக் குழாய் துளைபட்டது. கசிந்த வாயு வடிகால் வழியாகச் சுரங்கப் பள்ளத்துக்குள் போய்த் தேங்கியது. பள்ளத்தின் மேல் இரும்புத் தகடுகளைப் பரப்பி, அதன்மேல் வாகனங்களை ஓடவிட்டிருந்தார்கள். பள்ளிக்கும் வேலைக்கும் மக்கள் போகும் நேரத்தில் அது வெடித்தது. 101 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1994 டிசம்பரில், தலைநகர் சியோலிலும் ஓர் எரிவாயு வெடிப்பு நிகழ்ந்திருந்தது. தேகு வெடிப்பு நிகழ்ந்த 1995-ஆம் ஆண்டே தென்கொரியா தேசியப் புவித்தகவல் திட்டத்தைத் தொடங்கியது. குடிநீர், சாக்கடை, மின்சாரம், எரிவாயு, தொலைத்தொடர்பு என நிலத்தடி அமைப்புகளை எண்ணிம வரைபடத்தில் ஏற்றுவது அதன் முக்கியப் பணிகளில் ஒன்றாயிற்று.

தைவானின் கவ்சியூங் நகரின் கதை வேறு வகை. 2014 ஜூலை 31 நள்ளிரவை ஒட்டி அந்நகரின் சாலைகள் வரிசையாக வெடித்துப் பிளந்தன. 32 பேர் இறந்தார்கள், 300-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அன்று யாரும் எதையும் தோண்டவில்லை. தொழிற்சாலைகளுக்கு புரொப்பிலீன் வாயு கொண்டுசெல்லும் குழாய் ஒன்று முன்பே மண்ணில் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் மழைநீர்க் கால்வாய் கட்டியபோது, அந்தக் குழாய் கால்வாயின் உள்ளே அந்தரத்தில் தொங்கும்படி கட்டிமுடித்து மூடிவிட்டார்கள். மண்ணின் அணைப்பை இழந்து, ஈரக் காற்றில் இருபது ஆண்டுக்கு மேல் கிடந்த குழாய் துருப்பிடித்து மெலிந்தது. இரண்டு அமைப்புகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம் ஒரே வரைபடத்தில் பதிவாகி, எவரேனும் அதைப் பார்த்திருந்தால் அந்தக் குழாய் இருபது ஆண்டு அங்கே தொங்கியிருக்காது.

தேகுவில் நிகழ்ந்தது தோண்டும் கணத்தின் பிழை. கவ்சியூங்கில் நிகழ்ந்தது மூடும் கணத்தின் பிழை. நாம் எல்லோரும் முதலாவதைப் பற்றித்தான் பேசுகிறோம். இரண்டாவதைத் திருத்தினால்தான் முதலாவது குறையும் என்பது என் உறுதியான கருத்து.

ஜிபிஎஸ் எதைச் செய்யும்?

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். ஜிபிஎஸ் மண்ணுக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அது முடியாது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே வருகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, நம் கையில் உள்ள கருவி தன் இடத்தை அறிகிறது. ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 30 சென்டிமீட்டர் பிசகும். அந்தச் சமிக்ஞை மிக மெல்லியது. கான்கிரீட் கூரைக்கு அடியிலேயே தடுமாறுவது ஈர மண்ணைத் துளைத்துப் போகாது. ஆகவே மண்ணுக்குள் இருப்பதை வேறு வழியில் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த இடம் உலகில் எது என்பதை அழியாமல் எழுதிவைப்பதுதான் ஜிபிஎஸ்ஸின் வேலை.

அந்த வேலையிலும் கருவிக்குக் கருவி வேறுபாடு உண்டு. உங்கள் கைப்பேசி திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியம் தரும். மயிலாப்பூரின் ஒரு சந்தில் 5 மீட்டர் என்பது இந்த வீட்டுச் சுவரிலிருந்து எதிர்வீட்டுச் சுவர் வரை. கைப்பேசியைக் கொண்டு குறித்த குழாய், எந்த ஓரத்தில் இருக்கிறது என்றே தெரியாது. நமக்கு வேண்டியது ஆர்.டி.கே. என்னும் முறை. துல்லியமாக இடம் தெரிந்த ஒரு நிலையத்தில் ஒரு கருவி நிலையாக இருக்கும். வானிலிருந்து வரும் கணக்கில் எவ்வளவு பிசகு இருக்கிறது என்பதை அது அந்தக் கணமே அறிந்து, களத்தில் நடக்கும் கருவிக்கு அனுப்பும். பிசகைக் கழித்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். இதற்காக இந்திய சர்வே துறை நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர நிலையங்களை அமைத்திருக்கிறது. முன்பு வரைபடம் தயாரிக்க வாங்கவேண்டியிருந்த முன் அனுமதிகளை, 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள் இந்திய நிறுவனங்களுக்கு நீக்கிவிட்டன. கருவி இருக்கிறது, நிலையம் இருக்கிறது, சட்டத் தடை இல்லை.

களத்தில் இறங்கும் மாணவர்கள் இரண்டு எச்சரிக்கைகளை மறக்கக் கூடாது. உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய சௌகார்பேட்டை போன்ற இடங்களில் சமிக்ஞை சுவர்களில் மோதித் திரும்பி வந்து கருவியை ஏமாற்றும். அங்கே தெருமுனையில் வானம் திறந்த இடத்தில் இரண்டு புள்ளிகளை ஜிபிஎஸ்ஸால் நிறுவி, அவற்றிலிருந்து கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியைக் கொண்டு உள்ளே அளக்க வேண்டும். அடுத்தது, தென் தமிழகம் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், சூரியன் மறைந்த பின் நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலம் கலங்கும். சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில் இது அதிகம். இரவில்தான் சாலை வெட்ட அனுமதி கிடைக்கும் என்பது நம் நடைமுறை. அந்த நேரத்து அளவை நம்புமுன், தெரிந்த ஒரு புள்ளியில் கருவியை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்குள் தேடும் வழிகள்

மூடிக் கிடப்பதைக் கண்டுபிடிக்க இரண்டு முக்கியக் கருவிகள் உண்டு. முதலாவது மின்காந்த லொகேட்டர். உலோகக் குழாயிலோ கேபிளிலோ ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். மேலே நடப்பவர் கையிலுள்ள கருவி அதைப் பிடிக்கும். மின்சாரம் ஓடும் கேபிள் என்றால் தானே 50 ஹெர்ட்ஸில் காட்டிக்கொடுக்கும். ஆனால் மின்னழுத்தம் இருந்தும் மின்னோட்டம் இல்லாத கேபிள், அதாவது எதிர்முனையில் யாரும் மின்சாரம் எடுக்காத நேரத்தில், இந்த வகைத் தேடலில் அகப்படாது. கருவி ஒன்றும் காட்டவில்லை என்பதை நம்பிக் கடப்பாரை போட்டால் ஆபத்து. பிளாஸ்டிக் குழாய்களையும் இது காணாது. அதனால்தான் பிளாஸ்டிக் குழாய் புதைக்கும்போது கூடவே ஒரு செப்புக் கம்பியைப் போடச் சொல்கிறோம். பின்னாளில் அந்தக் கம்பியைக் கொண்டு குழாயைக் காணலாம்.

இரண்டாவது ஜிபிஆர் என்னும் தரை ஊடுருவு ராடார். ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைச் சொல்லும். உலோகம், பிளாஸ்டிக், கான்கிரீட் எதுவானாலும் காணும் திறன் உடையது. ஆனால் மண்ணைப் பொறுத்தது அதன் வெற்றி. உலர்ந்த மணலில் நன்றாகத் தெரியும். ஈரக் களிமண்ணிலும் உப்பு நீர் ஏறிய மண்ணிலும் அலை சிறிது தூரத்திலேயே அடங்கிவிடும். கடலோர நகரமான நமக்கு இது பெரிய வரம்பு. மண்ணில் அலையின் வேகம் என்ன என்பதைத் தவறாக எடுத்தால் ஆழமும் தவறாகும்.

இந்தக் கருவிகளால் கண்டதைச் சாலையில் வண்ணத்தால் குறிப்பது வழக்கம். அமெரிக்காவில் மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை, தோண்டப்போகும் இடத்துக்கு வெள்ளை. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு மழையிலும் சில நாள் போக்குவரத்திலும் வண்ணம் போய்விடும். அடுத்த முறை இன்னொருவர் வந்து மறுபடியும் தேடுவார். லொகேட்டர் காட்டிய புள்ளியில் ஆர்.டி.கே. கருவியை ஊன்றி ஆயத்தொலைவைப் பதிந்துவிட்டால், ஒருமுறை தேடியது நிரந்தரச் சொத்தாகிறது. சில லொகேட்டர்களில் இப்போது இரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

ஆழத்தை எதிலிருந்து அளப்பது?

நம் பழைய வரைபடங்களில் 'சாலை மட்டத்திலிருந்து 1 மீட்டர்' என்று எழுதியிருக்கும். எந்த ஆண்டின் சாலை மட்டம்? பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் மீண்டும் மீண்டும் தார் போட்டதில் நம் தெருக்கள் உயர்ந்து, வீட்டு வாசல்கள் பள்ளமானதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்த குழாய் இன்று ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருக்கலாம். பின்னொரு நாள் சாலையைச் சுரண்டித் தாழ்த்தினால் முக்கால் மீட்டருக்கும் வரலாம். மாறிக்கொண்டே இருக்கும் மேற்பரப்பிலிருந்து அளந்த ஆழம் சில ஆண்டுகளில் பொய்யாகிவிடும். ஆகவே குழாயின் தலைப்பகுதி கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். சாலை எப்படி மாறினாலும் அந்த எண் மாறாது.

இதிலும் நம் பகுதிக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கணிதத்தால் வரையறுத்த ஒரு மென்மையான நீள்கோளத்திலிருந்து. கடல் மட்டமோ பூமியின் ஈர்ப்பால் அமைவது. இடத்துக்கு இடம் மேடும் தாழ்வுமாக இருக்கும். உலகிலேயே பெரிய தாழ்வு இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே 100 மீட்டருக்கும் மேல் வேறுபாடு. அதன் பாதிப்பு நம் கரை வரை உண்டு. சென்னைக் கடற்கரையில் அலை நனைக்கும் இடத்தில் கருவியை ஊன்றினால், திருத்தாத உயரம் பூஜ்யத்துக்குக் கீழே எண்பது மீட்டருக்கும் மேல் காட்டும். இதற்கான திருத்த மாதிரியைக் கருவியில் ஏற்றித்தான் கடல் மட்ட உயரத்தைப் பெறுகிறோம். திருத்தமே செய்யாவிட்டால் எண்பது மீட்டர் பிழை உடனே கண்ணில் படும். ஒரு துறை ஒரு மாதிரியையும் இன்னொரு துறை வேறொரு மாதிரியையும் பயன்படுத்தினால் வரும் சிறிய பிழை கண்ணில் படாது. குழாய்மேல் குழாய் மோதும்போதுதான் தெரியும். எல்லாத் துறைகளும் ஒரே அடிப்படையில் அளக்க வேண்டும் என்று அரசு ஓர் ஆணையில் சொல்லிவிட்டால் இது தீர்ந்துவிடும்.

ஒரு கோட்டை எவ்வளவு நம்பலாம்?

கணினித் திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே மாதிரி அழகாகத் தெரியும். ஒன்று ஓய்வுபெற்ற லைன்மேன் நினைவிலிருந்து சொல்லி வரைந்தது. இன்னொன்று சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்தது. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாத வரைபடம், வரைபடம் இல்லாத நிலையைவிட ஆபத்தானது. ஏனென்றால் அதை நம்பி ஒருவர் துணிந்து தோண்டுவார்.

இதற்கு அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கம் 2002-இல் வகுத்து, 2022-இல் புதுப்பித்த தரநிலை நான்கு படிகளைச் சொல்கிறது. கடைசிப் படி, பழைய ஆவணமும் வாய்மொழியும். அதற்கு மேல், மேன்ஹோல், வால்வு போன்று வெளியே தெரிபவற்றை அளந்து ஆவணத்தோடு பொருத்துவது. அடுத்தது, லொகேட்டராலும் ராடாராலும் கண்டு குறிப்பது. முதல் படி, தோண்டித் திறந்து, குழாயைக் கண்ணால் பார்த்து, அதன்மேலேயே கருவியை வைத்து அளப்பது. ஒவ்வொரு கோட்டுக்கும் இந்தப் படியை எழுதிவைத்தால், எங்கே இயந்திரம் விடலாம், எங்கே கையால் தோண்டவேண்டும் என்பதைக் களத்தில் இருப்பவர் முடிவு செய்துகொள்வார். பல அமெரிக்க மாநிலங்களில் குறியிட்ட கோட்டுக்கு இருபுறமும் 18 முதல் 24 அங்குலத்துக்குள் இயந்திரத்தை இறக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது.

இதெல்லாம் செலவு என்று சொல்வோருக்குப் பதில் உண்டு. பர்டியூ பல்கலைக்கழகம் நான்கு அமெரிக்க மாநிலங்களின் 71 நெடுஞ்சாலைத் திட்டங்களை ஆராய்ந்து, நிலத்தடி அமைப்புகளை முறையாகக் கண்டறியச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 4.62 டாலர் மிச்சமானதாக 1990-களின் இறுதியில் கணக்குக் காட்டியது.

தோண்டும் முன் கேட்பது

அமெரிக்காவில் 2007 முதல் நாடு முழுவதற்கும் 811 என்ற ஒரே எண். தன் வீட்டுத் தோட்டத்தில் வேலிக்கம்பம் நடுபவரும் அழைத்துச் சொல்லவேண்டும். நிறுவனங்கள் வந்து குறித்துக்கொடுக்கும். நெதர்லாந்தில் இயந்திரம் கொண்டு தோண்டுமுன் தகவல் கேட்பது 2008 முதல் சட்டக் கடமை. பிரிட்டன் சுமார் 40 லட்சம் கிலோமீட்டர் நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் ஒரே தேசியப் பதிவேட்டில் சேர்த்துவருகிறது.

நம் நாட்டிலும் தொடக்கம் நிகழ்ந்திருக்கிறது. தோண்ட விரும்புவோர் முன்கூட்டிப் பொது இணையவாசலில் தெரிவிக்கவேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. 2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைப் பிரதமர் தொடங்கிவைத்தார். எங்கே தோண்டப்போகிறோம் என்று அதில் குறித்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும், இருவரும் பேசிக்கொள்ளலாம். இதை நான் மனமார வரவேற்கிறேன். இங்குள்ள ஒப்பந்ததாரர்கள் ஒவ்வொருவரும் அதைக் கைப்பேசியில் வைத்திருக்கவேண்டும். ஆனால் கேட்டால் பதில் சொல்ல, பதில் இருக்கவேண்டும். குழாயின் உரிமையாளருக்கே அது எங்கே என்று தெரியாவிட்டால் செயலி என்ன செய்யும்?

இப்படி ஒரு வரைபடம் தீயவர் கையில் கிடைத்தால் என்னாவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவைக்க வேண்டியதில்லை. தோண்ட அனுமதி பெற்றவருக்கு, அந்தத் தெருவுக்கு மட்டும், அந்த வேலைக் காலத்துக்கு மட்டும் காட்டலாம். யார் எப்போது பார்த்தார் என்ற பதிவையும் வைக்கலாம். பாதுகாப்பைக் காரணம் காட்டி அளக்காமலே இருப்பது, தொழிலாளியின் பாதுகாப்பைக் கைவிடுவதாகும்.

எம்-புக்கில் சில கட்டங்கள்

இனி நான் சொல்லவந்த முடிவுக்கு வருகிறேன். புதைந்து கிடக்கும் பழையவற்றைத் தேடுவது கடினம், செலவு மிக்கது, ஐயம் கலந்தது. ஆனால் இன்று புதைக்கும் குழாயைத் தேடவேண்டியதே இல்லை. பள்ளம் திறந்திருக்கிறது; குழாய் கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் ஆர்.டி.கே. கருவியோடு அதன் ஓரமாக நடந்தால், நான்கு படிகளில் மிக உயர்ந்த படியின் தரம், மிகக் குறைந்த செலவில் கிடைக்கும். மண்ணைத் தள்ளி மூடிய மறுகணம் அந்த வாய்ப்பு போய்விடும். ஒவ்வொரு நாளும் இந்த மாநிலத்தில் எத்தனையோ பள்ளங்களை அளக்காமல் மூடுகிறோம். நம் பேரப்பிள்ளைகள் லொகேட்டர் கொண்டு தேடவேண்டிய சுமையை ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டிருக்கிறோம்.

அரசுப் பணி எதுவானாலும் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம் உண்டு. இளநிலைப் பொறியாளர் களத்தில் அளந்து எழுதுவார். அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம். அதில் எத்தனை மீட்டர் குழாய் போட்டார், பள்ளத்தின் அகலம் என்ன, ஆழம் என்ன என்று இருக்கும். அந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்குக் கட்டம் கிடையாது. பணம் கொடுக்கத் தேவையான அளவு இருக்கிறது. உயிர் காக்கத் தேவையான அளவு இல்லை. அந்தப் புத்தகத்தில் ஆயத்தொலைவுக்கும், கடல் மட்ட உயரத்துக்கும், குழாயின் பொருள், விட்டம், புதைத்த நாள் ஆகியவற்றுக்கும் கட்டங்கள் சேர்க்கவேண்டும். வளைவு, இணைப்பு, வால்வு, வேறொரு குழாயைக் கடக்கும் இடம் எதையும் விடாமல் புள்ளி எடுக்கவேண்டும். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி போதும்: இந்தப் பதிவை ஒப்படைத்து, துறை சரிபார்த்த பிறகே இறுதி பில் வழங்கப்படும். தனியார் நிறுவனங்களுக்குச் சாலை வெட்ட அனுமதி தரும்போதும் இதே நிபந்தனை. வைப்புத்தொகை திரும்ப வேண்டுமானால் பதிவு வேண்டும். பழுது பார்க்கத் தோண்டும் ஒவ்வொரு பள்ளத்திலும், தென்படும் பிறர் குழாய்களையும் சேர்த்து அளந்துகொள்ள வேண்டும். இப்படிச் செய்தால் தனித் திட்டமும் தனி நிதியும் இல்லாமலே, பத்து இருபது ஆண்டுகளில் இந்த நகரத்தின் அடிப்பகுதிக்கு ஒரு புலப்படம் உருவாகிவிடும்.

மாணவர்களே, கருவியைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள். அதைவிட, அளவின் தரத்தை நேர்மையாக எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். துறை நண்பர்களே, அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் அந்த ஒரு வரியைச் சேருங்கள். அதற்கு உங்கள் கையொப்பம் போதும். குடியிருப்போர் சங்கத்தினரே, உங்கள் தெருவில் பள்ளம் தோண்டினால் எப்போது மூடுவீர்கள் என்று கேட்கிறீர்கள். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: அளந்தாயிற்றா? அளந்ததைக் காட்டிய பிறகு மூடச் சொல்லுங்கள். பள்ளத்துக்குள் அடுத்து இறங்கப்போகும் தொழிலாளிக்கு நாம் செய்யவேண்டிய கடமை அது.